கோல்ஃப்: பள்ளிப் பருவத்திலிருந்து போட்டிக்கும் பயிற்சிக்கும் போகும் வழி

ஏப்ரலில் பரீட்சை முடிந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, பந்தடித்துப் பழகும் இடமான ரேஞ்சுக்கு வரும் அப்பா அம்மா என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த செட் வாங்கலாம் சார்?" அடுத்தது, "எத்தனை வருஷத்துல டோர்னமென்ட் ஆடுவான்?" இரண்டுக்கும் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் வாங்கி வரச் சொல்வேன். கோல்ஃபில் நம் அடிகளை நாமே எண்ணுகிறோம். பெரும்பாலான நேரம் பக்கத்தில் நடுவர் இருக்க மாட்டார். எண்ணியதை ஒளிக்காமல் எழுதிவைக்கும் பிள்ளைதான் நான்கு வருடம் கழித்துத் தன் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று தெரிந்து பேசும். நான் பன்னிரண்டு வயதில் தொடங்கி, அமெச்சூராகப் பல வருடமும் தொழில்முறையில் மூன்று பருவமும் ஆடிவிட்டு, இப்போது கற்றுக்கொடுக்கிறேன். இந்த மூன்று கட்டத்திலும் எனக்கு உதவியது அந்த நோட்டுதான். இனி வரும் படிகளிலும் அது கூடவே வரும்.

எங்கே தொடங்குவது

நம் பள்ளிகளில் கிரிக்கெட்டுக்கும் கபடிக்கும் வாலிபாலுக்கும் அணி இருக்கும். கோல்ஃபுக்கு அணி வைத்திருக்கும் பள்ளி அரிது. அதனால் பள்ளிப் பருவ ஆட்டக்காரர் என்று நான் சொல்வது, பள்ளியில் படித்தபடி ஒரு கிளப் அல்லது அகாடமி வழியாக ஆடும் பிள்ளையை. தமிழ்நாட்டில் சென்னை நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப்பின் மைதானம், கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையம், ஊட்டி, வெலிங்டன், கொடைக்கானல் என்று மைதானங்கள் இருக்கின்றன. கிளப் உறுப்பினர் ஆகப் பணமும் வேண்டும், வருடக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். ஆனால் உறுப்பினர் ஆனால்தான் கற்க முடியும் என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள். ரேஞ்சில் பந்துக் கூடைக்குக் காசு கட்டிப் பழகலாம். ஜூனியர் திட்டம் இருக்கிறதா, வார நாளில் பிள்ளைகளுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கிளப் அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். போனில் கிடைக்காத பதில் நேரில் கிடைக்கும்.

இது பணக்காரர் ஆட்டம் என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, செலவு இருப்பது உண்மை. ஆனால் நாட்டின் பெரிய தொழில்முறைப் போட்டியான இந்தியன் ஓப்பனை 1991இலும் 1993இலும் வென்ற அலி ஷேர், டெல்லியில் பை தூக்கும் கேடியாக இருந்தவர். 2009இல் அதே பட்டத்தை வென்ற சி. முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்தவர். மைதானத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகியதே அவர்களுக்குப் பள்ளிக்கூடம். உங்கள் பிள்ளைக்கும் ஒரு போட்டியில் பை தூக்கும் வாய்ப்பு கிடைத்தால் அனுப்பிவையுங்கள். நல்ல ஆட்டக்காரர் ஒருவர் அடிப்பதற்கு முன் எவ்வளவு நேரம் யோசிக்கிறார், எதை அடிக்காமல் விடுகிறார் என்பதை ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

கிளப் வாங்கும்போது

பந்தை அடிக்கும் கோலுக்கும் கிளப் என்றுதான் பெயர். விதிப்படி ஒரு பையில் அதிகபட்சம் 14 கிளப் வைத்துக்கொள்ளலாம். தொடங்கும் பிள்ளைக்கு ஐந்து போதும்: தூரத்துக்கு ஒரு ஹைப்ரிட், நடுத்தூரத்துக்கு 7ஆம் நம்பர் அயர்ன், பக்கத்திலிருந்து தூக்கி அடிக்கப் பிட்சிங் வெட்ஜ், மணல் பள்ளத்துக்குச் சாண்ட் வெட்ஜ், குழிக்குள் உருட்டப் பட்டர். அப்பாவின் பழைய ஸ்டீல் கிளப்பை அறுத்துக் கட்டையாக்கிக் கொடுப்பதை மட்டும் தவிருங்கள். நீளம் குறையும், கனமும் விறைப்பும் குறையாது. அதைத் தூக்கிச் சுழற்ற முதுகை வளைத்துப் பழகிய பிள்ளையை நிமிர்த்த இரண்டு வருடம் ஆகும். வளரும் வயதில் புது செட்டுக்குப் பணம் போடவும் வேண்டாம். இரண்டாம் கையாகக் கிடைக்கும் ஜூனியர் செட்டே போதும், உயரம் கூடும்போது அதைக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம்.

இடக்கைப் பிள்ளை என்றால் செட் கிடைப்பது சிரமம். அதற்காக வலக்கைக்கு மாற்றிவிடுகிறார்கள். இந்தியாவுக்காக ஒலிம்பிக்கில் ஆடியிருக்கும் தீக்ஷா தாகர் இடக்கை ஆட்டக்காரர்தான். பிள்ளை எந்தப் பக்கம் இயல்பாக நிற்கிறதோ அந்தப் பக்கத்துக்கே தேடுங்கள்.

முதல் ஆறு மாதம்: குழியிலிருந்து பின்னோக்கி

எல்லோரும், அதிகத் தூரம் அடிக்கும் கிளப்பான டிரைவரில் தொடங்குகிறார்கள். நான் குழிப்பக்கத்தில் தொடங்கச் சொல்கிறேன். ஒரு மைதானத்தின் 18 ஹோலுக்கும் சேர்த்துப் பார், அதாவது நல்ல ஆட்டக்காரருக்கு வைத்த அடிக் கணக்கு, 72 என்றால், அந்தக் கணக்கில் ஒவ்வொரு ஹோலுக்கும் இரண்டு பட் (பந்தை உருட்டும் அடி) வைத்து 36 அடி, குழியைச் சுற்றிய குட்டைப் புல்தரையான கிரீன்மேல் போகிறது. பாதி ஆட்டம் அங்கேதான். குழியின் அகலம் 108 மில்லிமீட்டர், பந்தின் அகலம் சுமார் 43. ஏழு வயதுப் பிள்ளையும் நாற்பது வயது சாம்பியனும் சம வலிமையோடு நிற்கும் ஒரே இடம் அது.

டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரின் அதிதி அசோக் நான்காவதாக வந்தார். வெண்கலம் ஓர் அடியில் கை நழுவியது. அந்த நான்கு நாளும் டீயிலிருந்து, அதாவது ஹோலைத் தொடங்கும் இடத்திலிருந்து, அடிக்கும் தூரத்தில் அவர் கடைசி வரிசையில் இருந்தார், பதக்கத்துக்குப் போட்டியில் நிறுத்திவைத்தது அவருடைய பட்டிங். எனக்குத் தெரிந்து, தூரம் வரவில்லை என்று அழும் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல சான்று கிடையாது.

பழகும் முறை எளிது. குழியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நான்கு பக்கமும் நின்று, பக்கத்துக்கு ஐந்தாக இருபது பட். எத்தனை விழுந்தது என்று நோட்டில் எழுத வேண்டும். பிறகு ஐந்து, பத்து, பதினைந்து காலடி தூரத்தில் நின்று, பந்து குழியை ஒட்டி நிற்கும்படி உருட்டுவது. வடகிழக்குப் பருவமழையில் மைதானம் மூடிக் கிடக்கும்போது வீட்டு ஹாலில் கம்பளம் விரித்து, கோடியில் எவர்சில்வர் டம்ளரைச் சாய்த்துவைத்து உருட்டலாம். டம்ளருக்குள் பந்து விழும் சத்தம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

அடுத்தது நான் எல்லோருக்கும் கொடுக்கும் ஒன்பது பந்து ஆட்டம். கிரீனைச் சுற்றி ஒன்பது வெவ்வேறு இடம்: மூன்று சுலபமானது, மூன்று நடுத்தரம், மூன்று கஷ்டமானது. ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒரே பந்தைச் சிப் செய்து (கிரீன்மேல் தாழ்வாகத் தூக்கிப் போட்டு), பிறகு பட் செய்து குழிக்குள் போட வேண்டும். ஓர் இடத்துக்கு இரண்டு அடி பார், மொத்தம் 18. புதிய பிள்ளை முப்பதைத் தொடும். 22க்கு இறங்கினால் மாநில அளவில் ஆடத் தயாராகிறது என்று எடுத்துக்கொள்வேன். 18இலும் 19இலும் நிலையாக நிற்கும் பிள்ளையைப் பார்த்தால் எனக்கே உடம்பு சிலிர்க்கும். வாரம் ஒருமுறை தேதி போட்டு எழுதுங்கள்.

முழு ஸ்விங்குக்கு முதல் ஆறு மாதத்தில் மூன்று விஷயம் போதும்: பிடி, நிற்கும் நிலை, குறி. விரல்களைக் கோர்த்துப் பிடிப்பதா, சுண்டுவிரலை மேலே ஏற்றிப் பிடிப்பதா, பத்து விரலும் பட்டுப் பிடிப்பதா என்பது கையின் அளவைப் பொறுத்தது. சின்னக் கைக்குப் பத்து விரலில் தப்பில்லை. குறிக்கு, தரையில் இரண்டு கிளப்பைத் தண்டவாளம்போல் போட்டுப் பழகுங்கள். பந்து வலப்பக்கம் வளைந்து போனால் பிள்ளையைத் திட்ட வேண்டாம். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முடிவுசெய்வது கிளப்பின் முகம். வளைவை முடிவுசெய்வது, கிளப் வரும் பாதைக்கும் முகம் பார்க்கும் திசைக்கும் உள்ள வித்தியாசம். இதைப் புரிந்துகொண்ட பிள்ளை தன் தவறைத் தானே கண்டுபிடிக்கும்.

நேரம், வெயில்: சென்னையில் காலை ஆறு மணிக்கு மேல் தொடங்கினால் ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். தொப்பி, தண்ணீர், உப்புப் போட்ட மோர், வாழைப்பழம், கடலைமிட்டாய். இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

விதியும் ஸ்கோர் கார்டும்

அமெரிக்காவின் பெரிய போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸ், 1968, கடைசி நாள். அர்ஜென்டினாவின் ராபர்டோ டி விசென்சோ 17ஆவது ஹோலை மூன்றே அடியில் முடித்தார். அவருடைய கார்டை எழுதிய சக ஆட்டக்காரர் நான்கு என்று எழுதிவிட்டார். டி விசென்சோ சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டார். ஆடியது 65, கார்டில் 66. கையெழுத்துப் போட்ட பிறகு அதிகமான எண்ணே நிற்கும் என்பது விதி. அந்த ஓர் அடியில், பட்டம் வென்ற பாப் கோல்பியோடு சமன் செய்து, வெற்றியைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் ஆடும் வாய்ப்பு போயிற்று. உள்ளதைவிடக் குறைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் தகுதிநீக்கமே. இந்தக் கதையை ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் போட்டிக்கு முந்தைய நாள் சொல்கிறேன். கார்டு கொடுக்கும் மேசையில் உட்கார்ந்து, ஹோல் ஹோலாக விரல் வைத்துப் படித்துப் பார்த்த பிறகே பேனாவைத் தொட வேண்டும்.

2019இல் விதிகள் பெரிய அளவில் மாற்றி எழுதப்பட்டன, 2023இல் திருத்தமும் வந்தது. பழைய ஆட்டக்காரர்கள் சொல்லும் விதி பல நேரம் பழைய விதி. தொலைந்த பந்தைத் தேட இப்போது மூன்று நிமிடம்தான், ஐந்து இல்லை. பந்தை முழங்கால் உயரத்திலிருந்து போட வேண்டும், தோள் உயரத்திலிருந்து இல்லை. விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பின் விதிச் செயலி இலவசம், அதைப் போனில் ஏற்றிவிடுங்கள். ஜூனியர் போட்டிகளில் அடிக்கடி அடி இழக்கும் இடங்கள் இவை:

- பந்து எல்லைக்கு வெளியே போயிருக்கலாம் என்று தோன்றினால், இன்னொன்றை அடிப்பதற்கு முன் "இது ப்ரொவிஷனல்" (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் அடித்தால் புதுப் பந்துதான் ஆட்டத்தில் இருக்கும், அபராதத்தோடு.
- "எந்த கிளப் எடுத்தே?" என்று கூட ஆடுபவரிடம் கேட்டால் இரண்டு அடி அபராதம். கொடிக்கு எவ்வளவு தூரம் என்று கேட்கலாம்.
- பையில் 15ஆவது கிளப். தம்பியின் வெட்ஜ் பைக்குள் கிடந்தாலும் அது கிளப்தான். முதல் டீயில் எண்ணுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கயிற்றுக்கு அப்பால் நின்று சைகை காட்டுவதும் ஆலோசனைதான், பிள்ளை அதைத் தடுக்காமல் தொடர்ந்து வாங்கிக்கொண்டால் தண்டனை பிள்ளைக்கு. ஆட்டம் முடிந்து காரில் ஏறியதும் "அந்தப் பன்னிரண்டாவது ஹோல்ல ஏன்டா அப்படி அடிச்சே?" என்று தொடங்காதீர்கள். சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். நோட்டில் எழுதிய பிறகு, பிள்ளையே பேசும்.

ஹாண்டிகேப் என்ற எண்

ஒருவர் பாரைவிடச் சுமார் எத்தனை அடி கூடுதலாக ஆடக்கூடியவர் என்று காட்டும் எண்தான் ஹாண்டிகேப். 2020 முதல் உலகம் முழுக்க ஒரே ஹாண்டிகேப் முறை. முதல் எண் வாங்க மொத்தம் 54 ஹோல் ஆடிய கார்டுகள் வேண்டும். அதிகபட்ச எண் 54.0. பிறகு கடைசி இருபது கார்டில் சிறந்த எட்டின் வித்தியாசங்களுடைய சராசரி உங்கள் எண்.

கணக்கு பயமுறுத்தும், ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால் போய்விடும். ஒரு மைதானத்தின் கோர்ஸ் ரேட்டிங் (தேர்ந்த ஆட்டக்காரரிடம் எதிர்பார்க்கும் ஸ்கோர்) 71.2, ஸ்லோப் (மற்றவர்களுக்கு அது எவ்வளவு கூடுதல் கடினம் என்ற அளவு) 125 என்று வைப்போம். பிள்ளை 95 அடித்தது. 95இலிருந்து 71.2 போனால் 23.8. அதை 113ஆல் பெருக்கி 125ஆல் வகுத்தால் 21.5. இது அந்த நாளின் வித்தியாசம். 113 என்பது நடுத்தரக் கடினத்துக்கு வைத்த ஸ்லோப், அதனால்தான் அந்த எண். முதல் மூன்று கார்டில் இதுவே குறைவானது என்றால் அதில் 2 கழித்து 19.5 என்று எண் கிடைக்கும்.

நல்ல நாளை மட்டும் பதிவிட்டு எண்ணைக் குறைத்துக் காட்டுபவர்களையும், பரிசுக்காகக் கெட்ட நாளை மட்டும் பதிவிட்டு எண்ணை ஏற்றிவைப்பவர்களையும் எல்லாக் கிளப்பிலும் பார்க்கிறேன். பிள்ளைக்கு இரண்டையும் பழக்காதீர்கள். அந்த எண்ணை நம்பித்தான் எந்தப் போட்டிக்குப் போகலாம், எந்தச் செலவைச் செய்யலாம் என்று நீங்கள் முடிவெடுக்கப் போகிறீர்கள்.

முதல் போட்டிகள்

கிளப்பின் மாதாந்திர ஜூனியர் போட்டி, பிறகு மாநில அளவு, பிறகு இந்தியன் கோல்ஃப் யூனியனின் ஜூனியர் தொடர். 1955இல் உருவான யூனியன்தான் நாட்டின் அமெச்சூர் ஆட்டத்தை நடத்துகிறது. ஜூனியர்களுக்கு வயதுவாரிப் பிரிவும் வட்டார அளவிலான போட்டிகளும் உண்டு. யூனியனில் பிள்ளையைப் பதிவுசெய்ய கிளப் அல்லது மாநிலச் சங்கம் வழியாகப் போங்கள். பிறப்புச் சான்றிதழின் நகல் பத்து எடுத்துவையுங்கள், அதை எல்லா இடத்திலும் கேட்பார்கள். வயது வரம்பும் கடைசித் தேதியும் ஒவ்வொரு போட்டியின் அறிவிக்கையிலும் இருக்கும், அதைப் படித்த பிறகே ரயில் டிக்கெட் போடுங்கள்.

பழகும் சுற்று ஆடாமல் வெளியூரில் போட்டி ஆடாதீர்கள். ஒரு நாள் முன்னதாகப் போய், ஸ்கோர் எழுதாமல், ஒவ்வொரு கிரீனுக்கும் எந்தப் பக்கம் தப்பினால் பிழைக்கலாம் என்று மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். சமவெளிக் கோர்ஸில் பழகிய பிள்ளை ஊட்டிக்குப் போனால் பந்து வழக்கத்தைவிடத் தூரம் போகும். உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. முதல் தடவை நான் அங்கே ஆடியபோது மூன்று கிரீனைத் தாண்டி அடித்துவிட்டு, காற்றைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பழகும் சுற்றில் ஒவ்வொரு கிளப்புக்கும் தூரம் எழுதியிருந்தால் அந்த மூன்றும் மிஞ்சியிருக்கும்.

போட்டி முடிந்ததும் நோட்டில் நான்கு எண் எழுதச் சொல்லுங்கள்: மொத்த பட், அபராத அடி, நூறு மீட்டருக்குள் வந்த பிறகு அடித்த மொத்த அடி, ஒரே ஹோலில் இரண்டுக்கு மேல் இழந்த தடவைகள். நல்ல டிரைவ் எத்தனை என்று எழுத வேண்டாம், அதைப் பிள்ளை எப்படியும் மறக்காது. பத்து போட்டி கழித்து இந்த நான்கு நெடுவரிசையைப் பார்த்தால் அடுத்த மூன்று மாதம் என்ன பழக வேண்டும் என்பது கேட்காமலே தெரியும்.

பத்தாவது, பிளஸ் டூ

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஒரு போட்டி என்றால் பயணத்தோடு ஐந்து நாள் போகும். பள்ளியில் வருடத் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரைப் பார்த்து, அந்த வருடம் ஆடப்போகும் போட்டிகளின் பட்டியலைக் கொடுத்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒவ்வொரு தடவையும் லீவு லெட்டர் எழுதிக் கெஞ்சினால் ஆசிரியருக்கும் சலிக்கும், பிள்ளைக்கும் கூசும். பொதுத்தேர்வு வருடத்தில் போட்டிகளைப் பாதியாகக் குறைத்து, தினம் நாற்பது நிமிடம் பட்டிங்கும் சிப்பிங்கும் மட்டும் வைத்துக்கொள்வது என் ஆலோசனை. கையின் உணர்வு மங்காது, பாடமும் நிற்காது.

அதிதி அசோக் 2016இல் தொழில்முறைக்கு மாறினார். ரியோ ஒலிம்பிக்கில் ஆடியதும், மகளிர் இந்தியன் ஓப்பனை வென்றதும், பள்ளிப் படிப்பை முடித்ததும் அதே ஆண்டில். எல்லோராலும் முடியாது, ஆனால் படிப்பா ஆட்டமா என்று பதினைந்து வயதிலேயே வெட்டி எறியத் தேவையில்லை என்று காட்ட இது போதும்.

கல்லூரி வழியும் உண்டு. ஜீவ் மில்கா சிங் அமெரிக்காவின் அபிலீன் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தில் படித்தபடி ஆடி, 1993இல் கல்லூரிகளுக்கான இரண்டாம் பிரிவுத் தனிநபர் பட்டம் வென்றார். 1998இல் ஐரோப்பியத் தொடரில் இடம்பிடித்த முதல் இந்தியர் ஆனார். அமெரிக்கக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் பார்ப்பது ஸ்விங் வீடியோவை மட்டும் இல்லை. பல நாள் போட்டிகளின் ஸ்கோர், உலக அமெச்சூர் தரவரிசை, மதிப்பெண் மூன்றையும் பார்க்கிறார்கள். பதினொன்றாம் வகுப்பிலேயே எழுதத் தொடங்க வேண்டும். கடிதத்தைப் பிள்ளையே எழுதட்டும், அப்பா எழுதியது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

தொழில்முறைக்குப் போகலாமா?

சொந்தக் கிளப்பில் 68 அடித்த நாளை வைத்து இதை முடிவுசெய்யாதீர்கள். முன்பின் பார்க்காத மைதானத்தில், போட்டி டீயில், நான்கு நாள் ஆட்டத்தில், ஒரு வருடச் சராசரி பார் அளவில் அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா? இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம் அமெச்சூராக ஆடுவதில் இழப்பு எதுவும் இல்லை. அமெச்சூராகவே தொழில்முறைத் தகுதிச் சுற்றில் ஆடிப் பார்க்கவும் முடியும். 2022இல் மாறிய விதிப்படி அமெச்சூர் ஆட்டக்காரர் ஸ்பான்சர் வைத்துக்கொள்ளலாம், ஹாண்டிகேப் கழிக்காத போட்டிகளில் 700 பவுண்டுக்கு ஈடான தொகை வரை பரிசும் வாங்கலாம். முன்பு இருந்த நெருக்கடி இப்போது இல்லை.

ஆண்களுக்கு 2006இல் தொடங்கிய, பிஜிடிஐ என்ற இந்தியத் தொழில்முறைத் தொடர். ஆண்டுத் தொடக்கத்தில் தகுதிச் சுற்றுகள் நடக்கும். பெண்களுக்கான தொழில்முறைத் தொடரை இந்திய மகளிர் கோல்ஃப் சங்கம் நடத்துகிறது. நான்கு நாள் போட்டியில் இரண்டு நாள் முடிந்ததும் கட் போடுவார்கள், அதாவது ஸ்கோர் அதிகமானவர்களை வெளியேற்றுவார்கள். அதைத் தாண்டியவர்களுக்கே பணம்.

இந்தக் கடைசி வாக்கியத்தை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும். கட்டைத் தவறவிட்டாலும் நுழைவுக் கட்டணம், ரயில் அல்லது விமானம், ஐந்து இரவு அறை, கேடி சம்பளம், சாப்பாடு எல்லாம் போனது போனதுதான். ஒரு வாரத்துக்கு ஆகும் செலவைக் கூட்டுங்கள், பருவத்தில் ஆடப்போகும் வாரங்களால் பெருக்குங்கள், அதில் பாதி வாரம் ஒரு பைசா வராது என்று வைத்துப் பாருங்கள். இரண்டு பருவத்துக்கான தொகை கையில் இல்லாமல் தொடங்கினால் ஒவ்வொரு பட்டிலும் ஹோட்டல் பில் தெரியும். எனக்குத் தெரிந்தது. மூன்றாவது பருவத்தில் ஒரு போட்டியில் ஓர் அடியில் கட் போனது. அறைக்கு வந்து நோட்டைத் திறந்தால், அந்த இரண்டு நாளில் அறுபது மீட்டருக்குள்ளிருந்து அடித்த ஆறு பந்தில் நான்கு கிரீனைப் பிடிக்கவில்லை. முந்தைய பருவத்தின் பக்கத்தைப் புரட்டினால் அங்கேயும் அதே குறை. நான் அதைப் பழகாமல் டிரைவருக்குத் தூரம் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று இரவுதான் நிறுத்திவிடலாம் என்று முடிவெடுத்தேன், அழுதேன், அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

போகும் முன்பே ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள். "இத்தனை போட்டிக்குள் இத்தனை கட், இல்லையென்றால் மறுபரிசீலனை" என்று பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தோற்ற நாளின் இரவில் எடுக்கும் முடிவைவிட அது நியாயமாக இருக்கும்.

பயிற்சியாளர் ஆவது

ஆட முடியாதவர்கள் கற்றுக்கொடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சை நம்பாதீர்கள். இது வேறு கைத்தொழில். ஆடும்போது உங்கள் உடம்பில் எது சரியாகப் பட்டதோ, அது எதிரே நிற்கும் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் உடம்புக்குப் பொருந்தாது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: கற்றுக்கொடுத்துக் காசு வாங்கினால், சில விதிவிலக்குகள் தவிர, அமெச்சூர் தகுதி போய்விடும். கல்லூரி மாணவர் ஒருவர் கைச்செலவுக்காக ஞாயிறு காலை இரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார், அடுத்த மாதம் அமெச்சூர் போட்டிக்கும் பெயர் கொடுக்கிறார். இரண்டும் சேராது. அமெச்சூராகப் போட்டி ஆடுவது முடிந்தது என்று உறுதியான பிறகே கட்டணம் வாங்குங்கள். பின்னாளில் அமெச்சூர் தகுதியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கவும் வழி உண்டு.

இரண்டாவது, சான்றிதழ். இந்தியன் கோல்ஃப் யூனியனின் நேஷனல் கோல்ஃப் அகாடமி ஆஃப் இந்தியா, பயிற்றுநர்களுக்குப் படிநிலையாகப் பாடம் நடத்திச் சான்று தருகிறது. கிளப்புகள் வேலைக்கு எடுக்கும்போது கேட்பது அதைத்தான். அதற்குப் போகும் முன் ஆறு மாதமாவது ஒரு மூத்த பயிற்சியாளரின் பக்கத்தில் நின்று பந்து பொறுக்குங்கள். அவர் என்ன சொல்கிறார் என்பதோடு, எதைப் பார்த்தும் சொல்லாமல் விடுகிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையிடம் ஏழு குறை தெரியும், நல்ல ஆசிரியர் ஒன்றைத்தான் எடுப்பார்.

என் பெரிய தவறு அங்கேதான் நடந்தது. பதினாலு வயதுப் பையன் ஒருவன், வாராவாரம் முன்னேறிக்கொண்டிருந்தான். அவனுடைய பிடி எனக்குப் பிடிக்கவில்லை. மாநிலப் போட்டிக்குப் பத்து நாள் முன்பு அதை மாற்றினேன். போட்டியில் பந்து எங்கே போகும் என்று அவனுக்கே தெரியவில்லை. முகம் வெளுத்துப்போய் நின்றான். அவன் அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை, அது இன்னும் கனமாக இருந்தது. இப்போது போட்டிக்கு மூன்று வாரம் முன்பிலிருந்து யாருடைய ஸ்விங்கையும் தொடுவதில்லை. சிப்பிங், பட்டிங், எந்த ஹோலை எப்படி ஆடுவது என்ற பேச்சு மட்டும்தான்.

வகுப்பு நடத்தும் விதம் பற்றிச் சில சொல்கிறேன். பிள்ளைகளுக்கு நாற்பத்தைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரு வகுப்பில் ஒரே விஷயம். வீடியோ எடுத்தால் எப்போதும் அதே இரண்டு இடத்திலிருந்து எடுங்கள்: மார்புக்கு நேர் எதிரே, பிறகு குறிக்கோட்டில் பின்னால் இருந்து, போன் கை உயரத்தில். இடம் மாறினால் இரண்டு மாத வீடியோவை ஒப்பிட முடியாது. பிள்ளையின் கையையோ தோளையோ பிடித்துத் திருத்துவதற்கு முன் அனுமதி கேளுங்கள், பெற்றோர் பார்வையில் படும் இடத்திலேயே வகுப்பு வையுங்கள். முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள், நம் ஊர் வெயிலில் அது ஒருநாள் வேண்டியிருக்கும். ரேஞ்சில் ஒரு பிள்ளை அடிக்கும்போது மற்றவர்கள் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பதில் ஒரு தடவைகூடத் தளராதீர்கள். சுழலும் கிளப் முகத்தில் பட்டால் பல்லும் போகும், கண்ணும் போகும்.

வேலைக்குச் சேரும்போது கிளப்போடு கட்டணப் பங்கை எழுத்தில் பேசுங்கள்: பந்துக்கான காசு யாருக்கு, மழை நாளில் வகுப்பு நின்றால் என்ன, உறுப்பினர் அல்லாத பிள்ளைகளை எடுக்கலாமா. வாய்ப்பேச்சில் தொடங்கி மனக்கசப்பில் முடிந்த இரண்டு இடத்தை நான் விட்டு வந்திருக்கிறேன்.

முதல் மாணவர் வரும் நாளில் ஸ்விங்கைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். கிரீன் பக்கம் கூட்டிப் போய், ஒன்பது இடத்தைக் காட்டி, ஒரு பந்தைக் கையில் கொடுத்து ஆட விடுங்கள். நீங்கள் எண்ணாதீர்கள், பிள்ளையே எண்ணட்டும். 31 வரலாம், 36 வரலாம். தேதி போட்டு நோட்டின் முதல் வரியில் அதன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.